விராலிடம் கேட்ட உத்தரவு

மேலத்தூங்கம்பட்டியில் ஆறு கிடையாது, குளம் கிடையாது. கண்மாய் ஒன்று உண்டு. அதில் தண்ணீர் கிடையாது. அந்த ஊர்க்காரர்களுக்கு மீன் என்றால் குழம்புக்குள் இருப்பது. குழம்புக்குள் வருவதற்கு முன்னால் அது எங்கே இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்ல வேண்டிவரும், எதற்கு வம்பு என்று விட்டுவிட்டார்கள்.

அந்த ஊரில் ஒச்சப்பன் என்று ஒருவர் இருந்தார். நல்ல மனுஷன். யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டார். நினைக்கிற வேலையே அவருக்கு அவ்வளவாக ஒத்துவராது. பெண்சாதி போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிவிட்டது. ஒரே மகள் பொன்னழகு. அவளுக்குப் புத்தி உண்டு. அது எந்த வழியில் வந்தது என்று உறவுக்காரர்கள் இன்றைக்கும் கூடிக்கூடிப் பேசிக்கொள்கிறார்கள்.

ஒரே முற்றத்தைச் சுற்றிய அதே வளவில் ஒச்சப்பனின் பங்காளிகள் மூன்று பேர் இருந்தார்கள். சித்தப்பா மக்கள், அவருக்குத் தம்பி முறை. மூத்தவர் கூடலிங்கம். ஒரு திருவிழாவில் பூசாரிக்குக் குடை பிடித்தவர் என்பதால் சாமி சம்பிரதாயமெல்லாம் அவருக்கு அத்துப்படி என்று ஊரே நம்பியது. அடுத்தவன் மொக்கையன், பலசாலி. ஒரு வேலையைத் தொடங்கு என்றால் தொடங்குவான். நிறுத்து என்று சொல்ல ஆள் வரும்வரை நிறுத்த மாட்டான். கடைக்குட்டி வெயிலுமுத்து. அவனுக்குக் கண் கூர்மை. அடிவானத்தில் வருகிற ஆள் யார் என்று சொல்லிவிடுவான். ஆனால் கேட்டால்தான் சொல்லுவான்.

மூன்று பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்கள் அவர்களோடு பேசிப் பார்க்காதவர்கள்.

பொன்னழகுவுக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் வந்து கைநழுவிப் போயிருந்தது. முதலில் வந்தவர்கள், "பொண்ணுக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டார்கள். ஒச்சப்பன் பொய் சொல்லத் தெரியாதவர். "நாங்க ஒண்ணும் செய்றதில்லீங்க. அவதான் எங்க நாலு பேருக்கும் எல்லாம் செய்றா" என்று உள்ளதைச் சொன்னார். அவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

இரண்டாவதாக வந்தவர்கள் கொஞ்சம் நாகரிகமானவர்கள். பெண்ணைப் பார்த்தார்கள், பங்காளிகளையும் பார்த்தார்கள். "வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். சொல்லி அனுப்ப ஆள் வேண்டுமே என்று மொக்கையன் அவர்கள் பின்னாலேயே போய், அவர்கள் வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். மூன்று வேளையும் சாப்பிட்டான். கடைசியில் அவர்களே பஸ் ஏற்றி அனுப்பி, "வேண்டாம்னு சொல்லிரு" என்றார்கள். ஊர் திரும்பிய மொக்கையன், சொல்லி அனுப்பியதைச் சரியாகச் சொன்னான்.

மூன்றாவதாக வந்ததுதான் வடகரைப்புதூர் சீமைச்சாமியின் மகன் தவமணி. இது தரகர் கொண்டுவந்த இடம் இல்லை. பொன்னழகு டவுனுக்குத் தையல் பழகப் போகிறவள்; அந்தத் தையல் கடைக்கு எதிரே தவமணி மோட்டார் ரிப்பேர் பட்டறை வைத்திருந்தான். மோட்டார் ரிப்பேர் ஆகிக்கொண்டே இருந்தது, தையலும் முடியாமல் நீண்டுகொண்டே போனது, இரண்டு பேருக்கும் பிடித்துப் போனது. பையன் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்க வந்துவிட்டான்.

சீமைச்சாமிக்கு மீசை பெரிது. அதைவிட வயிறு பெரிது. பேச்செல்லாம் சுமுகமாக முடிந்ததும் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "எங்க ஆத்துப்பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பொண்ணு வீட்டு மீன் குழம்புல கை நனைச்சாத்தான் சம்பந்தம் உறுதி. ஆடு, கோழியெல்லாம் செல்லாது."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஒச்சப்பன் பெருமையாக வாயைத் திறந்தார். "மீனுக்கு என்ன சம்பந்தி? கடையில வாங்குவோமா? எங்க வீட்டுலயே வளர்த்துப் போடுறோம்."

"வீட்டு மீனா!" சீமைச்சாமியின் கண் விரிந்தது. "அப்ப தை பொறக்கட்டும். வந்து கை நனைச்சு முடிவு பண்ணிக்குவோம்."

அவர்கள் போன பிறகு பொன்னழகு அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். "அப்பா, நல்லாக் கேட்டுக்கங்க. இந்த இடமும் போச்சுன்னா நான் வேற யாரையும் கட்டிக்க மாட்டேன். உங்க நாலு பேருக்கும் சோறு ஆக்கிப் போட்டே கிழவியாயிருவேன்."

அந்தப் பேச்சு ஒச்சப்பனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. முட்டாள் என்றாலும் தகப்பன் தகப்பன்தானே. தாயில்லாப் பிள்ளை, வாய்விட்டு ஒன்றும் கேட்காத பிள்ளை. அது கேட்ட ஒன்றையும் கெடுத்துவிடக் கூடாது என்று அன்றைக்கே மீன் குஞ்சு வாங்கக் கிளம்பினார். தனியாகப் போயிருந்தால் கொஞ்சம் தப்பித்திருப்பார். பங்காளிகளையும் கூட்டிக்கொண்டு போனார்.

மீன் பண்ணைக்காரருக்கு அன்றைக்கு ஏகப்பட்ட வேலை. கெண்டைக் குஞ்சுகளைத் தண்ணீரோடு பையில் கட்டிக் கொடுத்துக்கொண்டே கடகடவென்று சொன்னார்: "தொட்டித் தண்ணியில காத்து நல்லா இருக்கணும். அடிக்கடி தண்ணியை மாத்துங்க. தவிடும் பிண்ணாக்கும் போடுங்க. கொக்கு வருதான்னு ஒரு ஆள் பாத்துக்கிட்டே இருக்கணும்." அவசரத்தில் கெண்டைக் குஞ்சுகளோடு ஒரு விரால் குஞ்சும் வலையில் ஏறிப் பைக்குள் போய்விட்டதை அவர் கவனிக்கவில்லை. விரால் மற்ற மீன்களைத் தின்று வளரும் என்பது ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியும். மேலத்தூங்கம்பட்டி அந்த உலகத்தில் சேர்த்தி இல்லை.

கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சிமெண்ட் தொட்டி இருந்தது. அதில் குஞ்சுகளை விட்டார்கள். முதல் கவலை காற்று. மொக்கையன் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பைக் கொண்டுவந்து, குழாயைத் தண்ணீருக்குள் விட்டு அடிக்கத் தொடங்கினான்.

"எவ்வளவு அடிக்கணும்ணே?" என்று கேட்டான்.

"நெறையிற வரைக்கும்" என்றார் ஒச்சப்பன்.

"நெறஞ்சது எப்படித் தெரியும்?"

கூடலிங்கம் யோசித்தார். "டயர்ல எப்படிப் பாப்ப? கட்டை விரலால அமுக்கித்தானே? அதே மாதிரி பாரு."

மொக்கையன் ஒரு கெண்டைக் குஞ்சைப் பிடித்துக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தான். "மெத்துன்னு இருக்கு, இன்னும் ஏறல" என்று மறுபடி அடித்தான். அமுக்கிப் பார்த்த குஞ்சுகள் எல்லாம் பஞ்சர் என்று முடிவாயின. பொன்னழகு வந்து பம்பைப் பிடுங்கிக்கொண்டு போனபோதுதான் மிச்சம் பிழைத்தது.

அடுத்தது தண்ணீர் மாற்றுவது. எதிர்வீட்டு மாரக்காளிடம் ஒரு குடம் மீன் தண்ணீரைக் கொடுத்து, அவள் வீட்டுத் தண்ணீர் ஒரு குடம் மாற்றி வாங்கி வந்தார்கள். குடத்துக்குக் குடம் சரி. யாருக்கும் நஷ்டமில்லை என்று ஒச்சப்பன் திருப்திப்பட்டார். அன்றைக்கு மாரக்காள் வீட்டு மோரில் ஒரு கெண்டைக் குஞ்சு நீந்தியது. அவள் தெருவில் நின்று திட்டிய திட்டில் இவர்களுக்குப் பாதி புரியவில்லை, புரிந்த பாதி இங்கே சொல்லத் தக்கதில்லை.

கொக்கைப் பார்க்கிற வேலை வெயிலுமுத்துவுக்கு. கூரைமேல் ஏறி உட்கார்ந்து, கண் இமைக்காமல் பார்த்தான். ஒரு நாள் ஒச்சப்பன் வந்து பார்த்தால், தொட்டியின் விளிம்பில் கொக்கு எச்சம். உள்ளே குஞ்சுகள் பாதிதான் இருந்தன.

"ஏண்டா, கொக்கு வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே."

"நீ என்ன பண்ணுன?"

"பாத்தேன்."

"அது மீனைத் தின்னப்ப?"

"அப்பவும் பாத்துக்கிட்டேதான்ணே இருந்தேன். ஒரு நிமிசம்கூடக் கண்ணை எடுக்கல."

சொன்ன வேலையை இவ்வளவு கருத்தாகச் செய்தவனை எப்படித் திட்டுவது? ஒச்சப்பன் அவன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

இவ்வளவுக்கும் தப்பிப் பிழைத்த கெண்டைகள், நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தன. ஒரு மீன் மட்டும் கறுகறுவென்று பெருத்துக்கொண்டே வந்தது. பொன்னழகு எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, அது விரால். மத்ததையெல்லாம் அதுதான் திங்குது. தனியாப் பிரிச்சு விடுங்க."

பங்காளிகள் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து இதை விசாரித்தார்கள்.

"அது திங்குறதை யாராவது கண்ணால பாத்தோமா?" என்றார் கூடலிங்கம். "தவிடு போட்டோம், தொடல. பிண்ணாக்குப் போட்டோம், மோந்துகூடப் பாக்கல. பச்சைத் தண்ணியிலயே இருக்கு. இப்படி ஒரு விரதம் நம்ம பூசாரிகூட இருந்ததில்ல."

"அப்ப மத்த மீனெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டான் மொக்கையன்.

"கூட இருக்கிறவன் நல்லா வளந்தா, வளராதவனுக்கு அங்க இருக்கக் கூசும்ல? வெட்கப்பட்டு எங்கயாவது போயிருக்கும்."

ஒச்சப்பனுக்கு இது சரியாகப் பட்டது. ஊர்த் தலைவரைச் சுற்றி இருந்தவர்களும் இப்படித்தான் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். தலைவர் மட்டும் பெருத்தார். அவரைப் பார்த்து எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மேடையில் பேசினார்கள். ஆகவே இன்னொரு பை கெண்டைக் குஞ்சு வாங்கிவந்து, பெரியவரைப் பார்த்து வளரக் கற்றுக்கொள்ளட்டும் என்று அதே தொட்டியில் விட்டார்கள். அவையும் வெட்கப்பட்டுப் போய்விட்டன.

தை பிறந்தபோது தொட்டியில் இருந்தது ஒரே ஒரு விரால். ஆள் முழங்கை நீளத்துக்கு, தூண் மாதிரி இருந்தது. 'ஒன்றானாலும் போதும், குழம்பு நிறைந்துவிடும்' என்று பொன்னழகுவுக்கு உயிர் வந்தது.

சொன்னபடி சீமைச்சாமியும் தவமணியும் வந்து சேர்ந்தார்கள். வீட்டில் எருமை கன்று போடுகிற நேரம் என்பதால் சீமைச்சாமியின் மனைவி அங்கம்மாள் வரவில்லை. பொன்னழகு புளி கரைத்து, மசாலா அரைத்துக் குழம்பைக் கூட்டி அடுப்பில் ஏற்றியிருந்தாள். மீன் வந்து விழ வேண்டியதுதான் பாக்கி. இலை போட்டாயிற்று, சோறும் வைத்தாயிற்று. ஒச்சப்பன் சந்தோஷமாகக் கொல்லைக்கு ஓடினார்.

அங்கே கூடலிங்கம் அரிவாள்மணையின் மேல் காலை வைத்துக்கொண்டு தடுத்து நின்றார்.

"அண்ணே, விரதம் இருந்த உசுரு இது. சாமிக்கு விட்ட கிடா மாதிரி. உத்தரவு வாங்காம வெட்டலாமா?"

அந்தப் பக்கத்தில் சாமிக்கு நேர்ந்த கிடாயைச் சும்மா வெட்டிவிட மாட்டார்கள். அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடாய் உடம்பைச் சிலுப்பி உதறினால் உத்தரவு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால், சிலுப்பும்வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒச்சப்பனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மகள் கல்யாணத்தில் சாமி குற்றம் வரலாமா?

தொட்டிக்குள் கிடந்த விராலின் மேல் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். மீன் கவனிக்கவே இல்லை.

"ஏற்கெனவே நனைஞ்சு கிடக்கிற ஆளு. ஊத்துனது அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார் கூடலிங்கம். "வெளிய எடுத்துத் துடைச்சிட்டுக் கேக்கணும்."

மொக்கையன் மீனை எடுத்துத் துண்டால் நன்றாகத் துவட்டித் துவைக்கிற கல்லில் வைத்தான். வைத்ததுதான் தாமதம், விரால் தலையும் வாலும் அடித்துக்கொண்டு துள்ளியது.

"சிலுப்பிருச்சு! சிலுப்பிருச்சு!" என்று கத்தினான்.

"இருடா" என்றார் கூடலிங்கம். "நம்ம இன்னும் கேக்கவே இல்லையே? கேக்கறதுக்கு முன்னாடி சொன்ன பதில் எந்தப் பஞ்சாயத்துல செல்லும்?"

தண்ணீரை ஊற்றினார்கள். பாவம் விரால், உடம்பில் தண்ணீர் பட்டதும் அப்பாடா என்று அமைதியாகிவிட்டது.

"மாட்டேங்குது" என்றார் கூடலிங்கம்.

மறுபடி துவட்டினார்கள். துள்ளியது. ஊற்றினார்கள். அடங்கியது. "கேக்காதப்ப சரி சரிங்குது. கேட்டா மாட்டேங்குது. என்னா அழுத்தம் பாத்தீங்களா" என்று வெயிலுமுத்து வியந்தான். ஒச்சப்பனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் குனிந்து மீனிடமே சொன்னார்: "ஐயா, எம் பொண்ணு வாழ்க்கை உன் கையில இருக்கு." விராலுக்குக் கை இல்லை என்பதை அவர் அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

உள்ளே சோறு ஆறியது. குழம்பு மணம் மூக்கைத் துளைக்க, சீமைச்சாமி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கொல்லைக்கே வந்துவிட்டார்.

"என்னய்யா நடக்குது இங்க? மீனுக்குப் போய் உத்தரவா? வெட்டிப் போடுங்கய்யா!"

"வெட்டலாம் சம்பந்தி" என்றார் கூடலிங்கம் நிதானமாக. "ஆனா அந்தக் குத்தம் நாளைக்கு வயித்துல வந்து நின்னா, எங்களைக் கேக்கக் கூடாது."

வயிறு என்றதும் சீமைச்சாமி அடங்கிவிட்டார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "நீங்க கேக்குற விதம் சரியில்ல. தள்ளுங்க, நான் கேக்குறேன்" என்று செம்பை வாங்கினார். முட்டாள்களோடு வாதாட ஆரம்பிக்கிறவன் பாதிக் கிணறு தாண்டிவிட்டான். மிச்சப் பாதியைத் தாண்ட அதிக நேரம் ஆகாது.

அவர் கேட்டும் மீன் சம்மதிக்கவில்லை.

பொன்னழகு சமையற்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்களிடம் நியாயம் பேசினால் விடிந்துவிடும், இவர்கள் பாஷையிலேயே பேசினால்தான் அடுப்பு எரியும் என்று அவளுக்குத் தெரியும்.

"சித்தப்பா, கிடா எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"தரையில" என்றார் கூடலிங்கம்.

"தரையில இருக்கிறதுக்கு அது பழகாத தண்ணியை ஊத்திக் கேக்குறோம். மீன் தண்ணியில இருக்கு. அதுக்குப் பழகாததை ஊத்தித்தானே கேக்கணும்?"

"அதுக்குப் பழகாதது எது?"

"வெறுங்காத்து. காலிச் செம்பைக் கவுத்துக் கேளுங்க."

கூடலிங்கம் அசந்துபோனார். மீனை மறுபடி துவட்டினார்கள். காலிச் செம்பைப் பயபக்தியோடு கவிழ்த்துக் காட்டினார்கள். விரால் கல்லிலிருந்து ஒரு முழம் எழும்பித் துள்ளியது. "உத்தரவு! உத்தரவு!" என்று ஐந்து பேரும் கும்பிட்டார்கள், ஐந்தாவது ஆள் சீமைச்சாமி. பொன்னழகு மேற்கொண்டு யாரையும் பேச விடாமல் மீனை அவளே அரிந்து, கழுவி, குழம்பில் போட்டாள். விரால் வெந்து, எண்ணெய் பிரிந்து, வீடே மணத்தது. தவமணி அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள். இதோ முடிந்துவிட்டது என்று ஒச்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அகப்பை சட்டிக்குள் போனபோது கூடலிங்கம் கையை உயர்த்தினார். "நில்லுங்க."

"என்னடா இன்னும்?" என்றார் ஒச்சப்பன்.

"உத்தரவு வாங்கி வெட்டுனது சாமி சோறு. சாமி சோத்தைப் பங்காளிங்கதான் சாப்பிடணும். பொண்ணு எடுக்க வந்த சம்பந்தக்காரங்க கை வைக்கக் கூடாது. இது நம்ம கோயில் வழக்கம்."

வழக்கம் உண்மைதான். ஒச்சப்பன் அதை மறந்துபோயிருந்தார். இப்போது என்ன செய்வது? மீன் குழம்பில் கை நனைத்தால்தான் சம்பந்தம். சம்பந்தம் என்றால் மீன் குழம்பில் கை நனைக்கக் கூடாது. ஒச்சப்பன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். தலை சுற்றியது. உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்தில் ஓர் இலை இருந்தது. ஆறினால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று பங்காளிகளும் உட்கார்ந்தார்கள். நான்கு பேரும் வருத்தத்தோடு சாப்பிட ஆரம்பித்தார்கள்.

எதிர் வரிசையில் சீமைச்சாமி வெறுஞ்சோற்றின் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மொக்கையன் விரால் தலையை உறிஞ்சியபோது அவருடைய மீசை துடித்தது. வெயிலுமுத்து நடுத்துண்டைப் பிட்டபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூக்கை மூட முடியவில்லை.

"பாவமா இருக்குண்ணே" என்றான் வெயிலுமுத்து. "அவரையும் பங்காளியாச் சேத்துக்கிட்டா என்ன?"

"சேத்துக்கலாம். சாமி சோத்துல கை வச்சவன் பங்காளிதான்" என்றார் கூடலிங்கம். "ஆனா பங்காளி வீட்டுக்குள்ள பொண்ணு குடுக்கல் வாங்கல் கிடையாது."

சீமைச்சாமி மகனைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், சட்டியில் குறைந்துகொண்டே போகிற குழம்பைப் பார்த்தார்.

"அப்பா!" என்றான் தவமணி.

"டேய், ஊர்ல பொண்ணுக்கா பஞ்சம்?" என்றவர், இலையைப் பங்காளிகள் வரிசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஊத்துங்க தம்பி. அந்த வால் துண்டையும் வைங்க."

தவமணியின் இலையிலும் மொக்கையன் ஒரு கரண்டி ஊற்றிவிட்டான். பையனுக்கும் பசி, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கை தானாகச் சோற்றுக்குப் போனது. வாசலில் நின்ற பொன்னழகு மெதுவாகச் சொன்னாள்: "கை வச்சா நீங்க எனக்கு அண்ணன்."

கை அப்படியே நின்றது. தவமணி இலையை மூடிவிட்டு எழுந்தான். அன்றைக்கு அந்த வீட்டில் ஓர் ஆண்பிள்ளை செய்த ஒரே புத்தியுள்ள காரியம் அதுதான்.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு ஐந்து பங்காளிகளும் யோசனை செய்தார்கள்.

"அண்ணன் நம்ம பங்காளி ஆயிட்டாரு. பொன்னழகுக்குப் பெரியப்பா" என்று தொடங்கினார் கூடலிங்கம். "அந்தப் பையன் சாப்பிடல. அதனால அவன் வேத்தாள். வேத்தாளுன்னா பொண்ணு குடுக்கலாம்."

ஒச்சப்பனுக்கு மறுபடி உயிர் வந்தது. "அப்ப முடிச்சிருவோமா?"

"அதெப்படி?" என்று குறுக்கிட்டார் சீமைச்சாமி. பெரியப்பா பொறுப்பு அவர் முகத்தில் ஏறியிருந்தது. "நம்ம பொண்ணு தம்பி. பையன் யாரு, குடும்பம் எப்படின்னு நாலு இடத்துல விசாரிக்க வேண்டாமா?"

"அப்பா, நாந்தான்!" என்று தவமணி கத்தினான்.

"அப்பான்னு கூப்பிடாதீங்க தம்பி, முறை தப்பு. நான் பொண்ணுக்குப் பெரியப்பா. மாமான்னு கூப்பிடுங்க." பிறகு ஒச்சப்பன் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "பையன் நல்ல பையனாத்தான் தெரியுறான். ஆனா அவன் அப்பன் சாப்பாட்டு ராமன்னு கேள்வி. ஒரு கரண்டி குழம்புக்குக் கட்சி மாறுற ஆளுன்னு சொல்றாங்க. யோசிச்சுத்தான் செய்யணும்."

யோசித்தார்கள். வெற்றிலை தீரும்வரை யோசித்தார்கள். தாகம் எடுத்து, "பொன்னழகு, மோர் கொண்டா" என்றார் ஒச்சப்பன். பதில் இல்லை. அடுப்படியில் ஆள் இல்லை. தவமணியையும் காணவில்லை.

"ரெண்டு பேரும் பஸ் ஏறிப் போனாங்களே" என்றான் வெயிலுமுத்து.

"ஏண்டா சொல்லல?"

"நீங்க கேக்கலையேண்ணே."

சீமைச்சாமி துள்ளி எழுந்தார். மீசை நிமிர்ந்து நின்றது. "எம் பொண்ணை ஒருத்தன் கூட்டிட்டுப் போறதா! பையனைச் சொல்லிக் குத்தமில்ல, சின்னப்பய. இப்படி வளத்து விட்டான் பாரு, அவன் அப்பனைச் சும்மா விடக் கூடாது! எந்த ஊருக்காரன் அவன்?"

"வடகரைப்புதூருன்னு சொன்னாங்க" என்றார் ஒச்சப்பன்.

"அந்த ஊரு எனக்கு நல்லாத் தெரியும். வாங்க, நான் வழி காட்டுறேன்."

மொக்கையன் அகப்பையை எடுத்துக்கொண்டான். அடுத்த பஸ்ஸில் ஐந்து பேரும் போய் இறங்கினார்கள். யாரிடமும் வழி கேட்காமல், எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று ஒரு தடவைகூடத் தடுமாறாமல், சீமைச்சாமி நேராக அந்த வீட்டு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். 'எவ்வளவு விவரமான மனுஷன்' என்று ஒச்சப்பன் மனதுக்குள் மெச்சினார். வாசலில் கட்டியிருந்த நாய் சீமைச்சாமியின் காலை நக்கியது.

கதவைத் திறந்தவள் அங்கம்மாள். மகனும் மருமகளும் முன்னமே வந்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். அவள் புருஷனின் மீசையில் ஒட்டியிருந்த மீன் முள்ளைப் பார்த்தாள்.

"இந்தாம்மா" என்றார் சீமைச்சாமி விறைப்பாக. "இந்த வீட்டுக்காரர் எங்க?"

அங்கம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவரோடு குடும்பம் நடத்தியவள் அவள். எதற்கும் அதிர்ச்சி அடைகிற பழக்கத்தை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"மீன் குழம்பு சாப்பிடப் போன மனுஷன். இன்னும் வந்து சேரல."

"வந்தா சொல்லி வைங்க. ஆளைப் பாக்காம நாங்க போறதா இல்ல."

"உள்ள வந்து உக்காருங்களேன்."

"பையன் வீட்டு வாசப்படியை நாங்க மிதிக்க மாட்டோம்" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கதவு சாத்திக்கொண்டது. ஐந்து பேரும் எதிரே இருந்த புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது. பொன்னழகு சின்ன வயதில் இப்படித்தான் சிரிப்பாள் என்று ஒச்சப்பனுக்குத் தோன்றியது. யார் பெற்ற பிள்ளையோ, எங்கே இருந்தாலும் இப்படியே சிரித்துக்கொண்டு நன்றாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்தினார். ஏனோ நெஞ்சில் தைத்திருந்த முள் போய்விட்ட மாதிரி இருந்தது.

"அண்ணே" என்று சீமைச்சாமியிடம் கேட்டார். "அந்த ஆளு வந்தா அடையாளம் தெரியுமா?"

"நேர்ல பாத்ததில்ல தம்பி" என்று சீமைச்சாமி மீசையைத் தடவினார். "பெரிய மீசைன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

பொழுது சாய்கிற நேரத்தில், கண்பார்வை மங்கிய பால்காரர் ஒருவர் தடவித் தடவி அந்த வழியாக வந்தார். சீமைச்சாமி எழுந்து போய் அவரை மறித்தார்.

"பெரியவரே, இந்த வீட்டுச் சீமைச்சாமியை எங்கயாவது பாத்தீங்களா?"

பால்காரர் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"எனக்குக் கண்ணுல ஆள் தெரியாதுப்பா. ஆனா சீமைச்சாமி குரலு இப்பத்தான், இந்தப் புளியமரத்துப் பக்கம் கேட்டுச்சு."

"பாத்தியா! இவ்வளவு நேரம் பக்கத்துலயே ஒளிஞ்சிருந்து தப்பிச்சிட்டான்!" என்று அலறினார் சீமைச்சாமி. ஐந்து பேரும் அகப்பையோடு ஓடினார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் அவர்தான். "விடாதீங்க! புடிங்க அந்தச் சீமைச்சாமியை!" என்று அவர் போட்ட சத்தம் ஊர் எல்லை தாண்டியும் கேட்டதாம். அவர் அவ்வளவு வேகமாக ஓடியதால்தான் கடைசிவரை யாராலும் சீமைச்சாமியைப் பிடிக்க முடியவில்லை.